கரண்ட் போன இரவும் புளியங்கொட்டைக் கணக்கும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, ஹல்துமுல்ல என்று ஏறி வரும் ஏ4 வீதி பெரகல சந்தியில் பிரிகிறது. ஒரு கிளை ஹப்புத்தளைக்கு ஏறி, பண்டாரவளை வழியாகப் பதுளைப் பக்கம் போகிறது. மற்றது கொஸ்லந்தையைத் தொட்டுக்கொண்டு வெல்லவாயவுக்கு இறங்குகிறது. சந்தியின் முதுகுப்பக்கம் மத்திய மலைநாட்டின் தெற்கு விளிம்பு. முன்பக்கம் நிலம் சரிந்து கீழே சமவெளி. மலைத்தொடரில் தாழ்வான இடம் எங்கே கிடைக்கிறதோ அங்கே காற்று நெருக்கியடித்துக்கொண்டு புகும். அந்தக் காற்று பாயும் அதே சரிவுகளில்தான் மின்கம்பிகளும் ஓடுகின்றன. கம்பிகளுக்குப் பக்கத்தில் உயரமான யூக்கலிப்டஸ் மரங்களும் நிற்கின்றன. மார்கழி, தை மாதங்களில் கரண்ட் போவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

குளிர்காலம் என்றதும் நீண்ட இரவு என்ற எண்ணம் புத்தகங்களிலிருந்து நம்மிடம் ஒட்டிக்கொண்டது. லண்டனில் டிசம்பர் கடைசியில் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. பெரகல நிலநடுக்கோட்டிலிருந்து ஏழு பாகைக்குள்தான் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிகக் குறுகிய பகலே 11 மணி 45 நிமிடத்தைத் தொடும்; மிக நீண்ட பகலுக்கும் அதற்கும் முக்கால் மணி நேரம்தான் வித்தியாசம். ஆகவே இங்கே குளிர்காலம் இரவை நீட்டுவதில்லை. மூடுபனியைக் கொண்டுவந்து மாலையைச் சீக்கிரம் கறுக்க வைக்கிறது, அவ்வளவுதான். மலையில் வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, பிளேன்டீ குடித்து நிமிர்வதற்குள் வெளிச்சம் போய்விடும். மறுநாள் காலைப் பெரட்டுக்குப் போக வேண்டியவர்கள் ஒன்பது மணிக்கெல்லாம் படுத்துவிடுவார்கள். கரண்ட் இல்லாவிட்டால் எப்படியாவது கழிக்க வேண்டியது இடையில் இருக்கிற இரண்டு மூன்று மணி நேரத்தைத்தான். அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் லயத்துக் காம்பராவுக்குள் எந்தப் பொழுதுபோக்கு நிற்கும், எது நிற்காது என்பதை மனிதர்களின் ரசனையைவிட வெளிச்சத்தின் விதிகளே அதிகம் தீர்மானிக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் கரண்ட் போகும் விதத்தைக் கவனியுங்கள். சில நாட்களில் மின்குமிழ் ஒரு தடவை சிமிட்டிவிட்டு மறுபடி எரியும். சில நாட்களில் இரண்டு மூன்று தடவை சிமிட்டிவிட்டு ஒரேயடியாகப் போய்விடும். இது கம்பியின் கிறுக்கு அல்ல. ஊர்களுக்கு மின்சாரம் கொண்டுவரும் 33,000 வோல்ட் கம்பிகளில் தானாகத் திறந்து தானாக மூடும் சாதனங்கள் பொருத்தப்பட்டிருக்கும். கம்பியில் கிளை உரசினாலோ மின்னல் தாக்கினாலோ மின்னோட்டம் திடீரென எகிறும். சாதனம் உடனே இணைப்பைத் துண்டிக்கும். ஒரு கணம் பொறுத்து மறுபடி இணைத்துப் பார்க்கும். மேல்நிலைக் கம்பிகளில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை தற்காலிகமானவை. உரசிய கிளை எரிந்து விழுந்திருக்கும், விளக்கு எரியும். கோளாறு அப்படியே இருந்தால் மறுபடி துண்டிக்கும், மறுபடி முயலும். குறிப்பிட்ட தடவைகள் முயன்றும் முடியாவிட்டால் கையை விரித்துவிடும்; பிறகு மின்சார சபை ஊழியர்கள் வந்துதான் சரிசெய்ய வேண்டும். ஆகவே ஒரு சிமிட்டலுக்குப் பின் வெளிச்சம் நின்றால் கவலையில்லை. பலமுறை சிமிட்டிவிட்டு இருண்டால் கம்பிமேல் மரம் கிடக்கிறது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். தாயக்கட்டத்தைக் கீறத் தொடங்கலாம்.

சிமிட்டலே இல்லாமல் போகும் கரண்ட் வேறு வகை. அது எங்கேயோ தூரத்தில் நிறுத்தப்பட்டது. 2022 மார்ச் கடைசியில், எரிபொருள் வாங்க நாட்டில் டொலர் இல்லாதபோது, ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு அமுலானது நினைவிருக்கும். 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் முழு நாடும் இருண்டது. குரங்கைச் சொல்லிச் சிரித்தோம். ஆனால் ஞாயிறு பகலில் தேவை குறைவு, சூரிய மின்சாரம் அதிகம், சுழலும் கனத்த டர்பைன்களின் பங்கு சொற்பம். அதிர்ச்சியைத் தாங்கும் பலம் அப்போது வலையமைப்புக்குக் குறைவாக இருந்தது என்பதே உள்ளே இருந்த விஷயம்.

ஊவாவில் இருப்பவருக்கு இதில் ஒரு சின்னக் கோபம் இருந்தால் தவறில்லை. 2024 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்ட உமா ஓயா திட்டம் இந்த மலைகளைக் குடைந்து தண்ணீரைக் கொண்டுபோய் 120 மெகாவாட் மின்சாரம் எடுக்கிறது. சுரங்கம் தோண்டிய காலத்தில் பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகள் வற்றிய கதை வேறு. காலடியில் மின்சாரம், தலைக்குமேல் இருட்டு. ஆனால் மின்நிலையத்திலிருந்து மின்சாரம் நேரே பக்கத்து லயத்துக்கு வருவதில்லை. உயர் அழுத்தத்தில் நாட்டின் பொது வலையில் கலந்து, உபமின்நிலையங்களில் படிப்படியாக அழுத்தம் குறைந்து, கடைசியில் 230 வோல்ட்டாகத் திரும்பி வருகிறது. கடைசி இரண்டு மைல் கம்பி அறுந்தால் மலைக்குள் எத்தனை மெகாவாட் இருந்தும் பயனில்லை.

2025 நவம்பர் கடைசி வாரத்தில் வந்த டித்வா புயல் இந்த வகைகளில் எதிலும் அடங்காது. நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. வீதி, ரயில்பாதை, கரண்ட், தொலைபேசி எல்லாம் ஒரே சமயத்தில் போயின. ஃபோன் கோபுரங்களில் மாற்று மின்கலம் உண்டு, ஆனால் அது மணிக்கணக்கில்தான் தாங்கும். பாதை மூடிக்கிடந்தால் ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோவது யார்? வீடிழந்தவர்களைப் பற்றிப் பேச இந்தக் கட்டுரை தகுதியான இடமில்லை. வீடு நின்று, கரண்ட் மட்டும் நாட்கணக்கில் வராமல் இருந்தவர்கள் ஏராளம். இங்கே பேசுவது அவர்களின் மாலைகளைப் பற்றி.

அந்த மாலைகளில் காம்பராவின் நடுவில் ஒரு மெழுகுதிரி. ஒளியின் அளவைச் சொல்லும் அலகே பழைய மெழுகுதிரியிலிருந்து பிறந்ததுதான். ஒரு மெழுகுதிரி ஒரு மீற்றர் தூரத்தில் தரும் வெளிச்சம் ஏறத்தாழ ஒரு லக்ஸ். வாசிப்பதற்கு வசதியான வெளிச்சம் என்று இன்று வகுப்பறைகளுக்கும் அலுவலகங்களுக்கும் சொல்லப்படுவது 300 லக்ஸ், 500 லக்ஸ். ஒன்பது வாட் எல்இடி குமிழ் ஒன்று அறுபது எழுபது மெழுகுதிரிகளின் ஒளியைத் தருகிறது. சுடர் தன் சக்தியில் ஏறக்குறைய முழுவதையும் சூடாகவே வீணடிக்கிறது: ஏறத்தாழ 80 வாட் வெப்பம், அதில் கண்ணுக்குக் கிடைப்பது ஒரு துளி.

இதில் முக்கியமான விதி, தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும் என்பது. சுடரிலிருந்து கிளம்பும் ஒளி எல்லாப் பக்கமும் விரிகிறது. இரு மடங்கு தூரத்தில் அது நாலு மடங்கு பரப்பை நிரப்ப வேண்டும். புத்தகத்தைச் சுடரிலிருந்து 30 சென்ரிமீற்றரில் பிடித்தால் 11 லக்ஸ். சிரமப்பட்டாலும் வாசிக்கலாம். 60 சென்ரிமீற்றரில் மூன்று லக்ஸுக்கும் குறைவு. பாயின் மறுகோடியில் இருப்பவருக்கு ஒரு லக்ஸ்கூட மிஞ்சாது. பக்கம் தெரியும், எழுத்து தெரியாது. ஆக ஒரு மெழுகுதிரியைச் சுற்றி ஐந்து பேர் உட்காரலாம், ஆனால் வாசிக்கக்கூடியவர் ஒருவர், மிஞ்சினால் இருவர்.

அந்த ஒருவர் யார்? கண் இதற்கும் பதில் வைத்திருக்கிறது. வயதாக ஆகக் கண்ணின் பாவை சுருங்கும், வில்லை மஞ்சளாகும். அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, இருபது வயதுக்காரருக்குச் சேர்வதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. பதினொரு லக்ஸில் பேத்தி வாசிப்பாள். பாட்டிக்கு அது மூன்றரை லக்ஸ் போல இருக்கும். அதோடு சாலேசரமும் சேர்ந்தால் புத்தகத்தைக் கையை நீட்டிப் பிடிக்க வேண்டும், பிடித்தால் சுடரிலிருந்து தூரமாகும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை சத்தமாக வாசிக்க, பெரியவர்கள் கேட்டுக்கொண்டிருப்பது தோட்டங்களில் வெகுகாலப் பழக்கம். பெரிய எழுத்துக் கதைப்புத்தகங்கள் அப்படித்தான் நூறு வீடுகளுக்குப் போயின. எழுத்தறிவு ஒருவரிடம் இருந்ததும் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் எல்லோரும் வாசிக்கத் தெரிந்த இன்றைய காம்பராவிலும் கரண்ட் போனால் ஒருவர்தான் வாசிக்க முடியும். இது கல்வியால் தீராத பிரச்சினை.

குரலுக்கும் அதே தூர விதி பொருந்த வேண்டும் அல்லவா? பொருந்துகிறது, வெட்டவெளியில். நாலு சுவருக்குள் வந்தால் நிலைமை வேறு. சாந்து பூசிய சுவர் ஒலியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். ஒளிக்கு வரும்போது, வெள்ளையடித்த சுவர் நன்றாகத் திருப்பும். அடுப்புப் புகையும் லாம்புப் புகையும் பட்டுக் கறுத்த சுவர் வந்த ஒளியை விழுங்கிவிடும். மண்ணெண்ணெய்த் திரி விளக்கு இதில் இரட்டைக் குற்றவாளி. சாதாரணத் திரி விளக்கில் எரியும் எண்ணெயில் 7 முதல் 9 விழுக்காடு கரித்துகளாகவே வெளியேறுகிறது என்று 2012-ல் வெளியான அளவீடுகள் காட்டின. வெளிச்சம் தருகிற விளக்கே, வெளிச்சத்தைத் திருப்ப வேண்டிய சுவரைக் கறுப்பாக்குகிறது, நுரையீரலையும் விட்டுவைப்பதில்லை. மேலும் காது வேலை செய்யும் விதம் தாராளமானது: ஒலியின் வலு நாலில் ஒன்றானாலும் நமக்குக் கொஞ்சம் மெதுவாகக் கேட்பதாகத்தான் தோன்றும். ஒரு சுடரால் நிரப்ப முடியாத அறையை ஒரு குரல் சாதாரணமாக நிரப்பிவிடும்.

குரலுக்கு ஒரே எதிரி கூரை. தகரத்தில் கனமழை கொட்டினால் சாதாரணப் பேச்சு அதில் மூழ்கிவிடும். மழைத்துளி ஒவ்வொன்றும் மெல்லிய தகட்டைத் தட்டி அதிரவைக்கிறது. உள்கூரை இல்லாத வீட்டில் அந்த அதிர்வைத் தடுக்க எதுவும் இல்லை. அப்போது வாசிப்பவர் கத்த வேண்டும், கதையில் ரகசியம் பேசும் இடத்தையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். யாருக்கும் அது நெடுநேரம் பிடிக்காது. ஆக மூடுபனி இரவு கதைக்கு, கனமழை இரவு ஆட்டத்துக்கு.

மழை கொட்டும் இரவில் ஆட்டத்தோடு செய்ய வேண்டிய இன்னொரு காரியத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரகலைக்கு அருகே, கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. கரண்டும் சிக்னலும் இல்லாத இரவில் மண்சரிவு எச்சரிக்கை உங்களிடம் வந்து சேராது. பக்கங்கள் செங்குத்தாக உள்ள ஒரு தகரப்பேணியைத் திறந்த வெளியில் வையுங்கள், கூரைத் தண்ணீர் விழாத இடத்தில். பேணியின் அகலம் எதுவானாலும் பரவாயில்லை. தண்ணீரின் உயரமே மழையின் அளவு. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவகம் மக்களுக்குச் சொல்லும் அளவுகளின்படி 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் தயார்நிலை, 150 என்றால் இடம்பெயர வேண்டும். பதினைந்து சென்ரிமீற்றர், பள்ளிப்பிள்ளையின் அடிமட்டத்தில் பாதி. தரையில் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கலங்கும் ஊற்று எதையாவது கண்டால் பேணியை அளந்துகொண்டிருக்க வேண்டாம்.

கதைக்குத் திரும்புவோம். இருட்டில் பேச்சின் சுபாவமே மாறுகிறது என்பதை அளந்து பார்த்தவர் பொலி வீஸ்னர் என்ற மானிடவியலாளர். நமீபியா, பொட்ஸ்வானா நாடுகளின் கலஹாரிப் பகுதியில் வாழும் ஜூ/ஹோவான்சி மக்களிடம் 1970-களில் பதிவுசெய்த உரையாடல்களை வகைப்படுத்தி 2014-ல் வெளியிட்டார். பகலில் பேசியதில் மூன்றில் ஒரு பங்கு குறைசொல்லல், புறணி. இன்னொரு மூன்றில் ஒரு பங்கு வேலை, உணவு, பொருள். கதைக்கு வெறும் 6 விழுக்காடு. இரவில் தீயைச் சுற்றி உட்கார்ந்த பிறகு 81 விழுக்காடு கதை. இருட்டில் வேலை செய்ய முடியாது, ஆனால் தூங்கும் நேரமும் வரவில்லை. அந்த இடைவெளியில் பேச்சு தூரத்து மனிதர்களையும் பழைய காலத்தையும் தேடிப் போகிறது என்பது அவர் வாதம். ஓர் ஊரின் கணக்கை எல்லா ஊருக்கும் நீட்டுவது சரியல்ல. ஆனால் லயத்து இஸ்தோப்பில் பேய்க்கதை கேட்டு, பிறகு வெளியே போகப் பயந்தவர்கள் வீஸ்னரோடு சண்டைக்குப் போகமாட்டார்கள்.

இனி ஆட்டங்கள். மங்கலான வெளிச்சத்தில் கண் முதலில் இழப்பது நுணுக்கத்தையும் நிறத்தையும்; கறுப்பு–வெள்ளை வேறுபாடு கடைசிவரை நிற்கும். மெழுகுதிரி ஒளியில் நீலம் மிகக் குறைவு. அதனால் லூடோ பலகையில் நீலக்காயும் பச்சைக்காயும் கிட்டத்தட்ட ஒரே இருண்ட நிறமாகத் தெரியும். பிள்ளைகள் சண்டை பிடிப்பார்கள், இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும். கெரம் தப்பித்துவிடும்: கறுப்பு, வெள்ளை, சுடரொளியில் பளிச்சென்று தெரியும் ஒரு சிவப்பு. அதன் சிக்கல் வேறு. பலகை பெரிது, விளக்கை நடுவில் வைக்க முடியாது, ஓரத்தில் வைத்தால் எதிர்மூலைக் குழி நிழலில் விழும். கூரையில் கொளுவித் தொங்கவிட்டால் நிழல் போகும், ஆனால் உயரம் கூடக்கூட வெளிச்சம் மேலே சொன்ன விதிப்படி தேய்ந்துவிடும். காட்ஸ் விளையாடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சுடரின் முன்னால் ஆட்டின் சிவப்பு நன்றாகத் தெரியும். விளக்கு மிச்சம் பிடிக்கிறோம் என்று இஸ்தோப்பில் அந்தி வெளிச்சத்தில் ஆடினால், அரையிருளில் கண்ணின் நிறமறியாத உணர்கலங்கள் பொறுப்பெடுத்துக்கொள்ளும். அவற்றுக்குச் சிவப்பு கறுப்புதான். ஆட்டினும் ஸ்பேட்டும் உருவத்திலும் நெருங்கிய உறவு. துரும்பு வெட்டியது யார் என்று பிறகு வழக்கு வரும்.

இலங்கைத் தமிழர் வீடுகளில் அதிகம் ஆடப்படும் 304-ஐப் பற்றி ஒரு வார்த்தை. ஜேக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2, மற்றவை சுழியம். ஒரு இனத்துக்கு 76, நாலு இனத்துக்கு 304. நாலு பேர் ஆடும்போது 32 சீட்டு, ஆளுக்கு எட்டு. உங்கள் கையில் வரக்கூடிய எட்டுச் சீட்டுத் தொகுதிகள் மட்டும் 1,05,18,300. எத்தனை நாள் கரண்ட் போனாலும் ஒரே கை திரும்பி வராது என்று நம்பி ஆடலாம்.

ஆனால் ஒற்றைச் சுடருக்கென்றே பிறந்தது போன்ற ஆட்டம் தாயம்தான். கட்டம் கரிக்கட்டியால் தரையில் கீறப்படும், கோடு தடிப்பு. காய்கள் கல், ஓடு, போத்தல் மூடி, தொட்டாலே தெரியும். எறிவது புளியங்கொட்டை: ஒரு பக்கம் கல்லில் தேய்த்து வெள்ளை, மறுபக்கம் கரும்பழுப்பு. இதைவிடத் தெளிவான வேறுபாட்டை மங்கலான கண்ணுக்குக் கொடுக்க முடியாது.

வெண்கலத் தாயக்கட்டை வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. இரண்டும் ஒரே ஆட்டம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். கணக்குப் போட்டால் அப்படி இல்லை. தாயக்கட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் 1, 2, 3, வெறுமை என நாலு முகம். மொத்தம் 16 விதமாக விழலாம். ஒன்றில் 1, மற்றதில் வெறுமை விழுந்தால் தாயம். அதற்கு 2 வழி. அதாவது எட்டில் ஒன்று. ஐந்துக்கு 2 வழி, ஆறுக்கு 1, இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டுக்கு 1. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறு எறிதல் உண்டு என்பதே பரவலான சட்டம். அதற்கு 16-ல் 6 வாய்ப்பு.

ஆறு புளியங்கொட்டை எறிந்தால் 64 விதமாக விழலாம். ஒரு வெள்ளை மட்டும் தெரிந்தால் தாயம்: 6 வழி. ஐந்து வெள்ளைக்கும் 6. ஆறும் வெள்ளை 1, ஒன்றுமே வெள்ளையில்லாத பன்னிரண்டு 1. தாயம் விழும் வாய்ப்பு கட்டையில் 12.5 விழுக்காடு, கொட்டையில் 9.4 விழுக்காடு. மறு எறிதல் வாய்ப்பு கட்டையில் 37.5, கொட்டையில் 22. இந்தத் தொடர் எறிதல்களையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தேன். கட்டையில் ஒருவர் தன் முறைக்குச் சராசரியாக நகர்த்துவது சரியாக ஆறு கட்டம். கொட்டையில் நாலு கட்டத்துக்குச் சற்று மேல். வெட்டும் தடையும் இல்லை என்று வைத்துக்கொண்டால், அதே கட்டத்தைச் சுற்றிவரக் கொட்டைக்காரருக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நேரம் பிடிக்கும். வெண்கலம் வாங்க வசதியில்லாத காம்பராவில் ஆட்டம் நீளமாக இருந்தது. கரண்ட் எப்போது வரும் என்று தெரியாத இரவில் அது குறையா நிறையா என்று தீர்ப்பது ஆடுகிறவர் பொறுப்பு.

தாயம் விழாமல் காய் இறங்காது என்பதால் முதல் தாயத்துக்கான காத்திருப்பில்தான் பாதிக் கோபம் வரும். கட்டையில் சராசரியாக எட்டு எறிதலுக்கு ஒரு தாயம். ஆனால் எட்டுத் தடவை எறிந்தும் ஒன்றும் விழாமல் போகிற வாய்ப்பு 34 விழுக்காடு. மூன்று பேரில் ஒருவருக்கு அது நடக்கும். பதினாறு தடவை எறிந்தும் விழாதவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். "இவ்வளவு நேரம் விழல்ல, அடுத்தது விழும்" என்று சொல்லுவோம். கட்டைக்கு ஞாபகம் இல்லை; அடுத்த எறிதலிலும் அதே எட்டில் ஒன்றுதான்.

இதற்கிடையில் அறை கொஞ்சம் சூடாகியிருக்கும். பெரகலையிலும் ஹப்புத்தளையிலும் தை மாத இரவில் 15 பாகைக்குக் கீழே இறங்குவது புதிதல்ல. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரின் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. தோட்டத்துப் பழைய காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஐந்து பேரும் ஒரு சுடரும் சேர்ந்தால் ஒரு சிறிய ஹீட்டர். காற்றை மட்டும் கணக்கில் எடுத்தால் ஒரு நிமிடத்துக்கு ஒரு பாகை ஏற வேண்டும். தகரக்கூரையும் சுவரும் அதில் பெரும்பகுதியைக் களவாடிவிடுவதால் அவ்வளவு ஏறாது, என்றாலும் சேர்ந்து உட்காருவதில் லாபம் உண்டு. அந்த லாபத்துக்காகக் கரிச்சட்டியை உள்ளே கொண்டுவந்து கதவைச் சாத்துவது உயிருக்கு ஆபத்து. எரிகிற கரியிலிருந்து வரும் கார்பன் மோனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கம் வருவது போலத்தான் இருக்கும்.

நெருப்பைப் பற்றிப் பேசும்போது வைத்தியர் விஜய கொடகும்புரவை விட முடியாது. குப்பி லாம்பு கவிழ்ந்து எரிந்தவர்களுக்குச் சிகிச்சை செய்து சலித்த இந்தச் சத்திரசிகிச்சை நிபுணர் 1992-ல் ‘சுதீப’ என்ற பாதுகாப்பான விளக்கை வடிவமைத்தார். வழக்கமான குப்பி உயரம், ஒல்லி. தட்டினால் சாயும், சாய்ந்தால் உருளும், உருண்டால் திரி கழன்று எண்ணெய் கொட்டும். அவர் மார்மைட் போத்தலைப் பார்த்து யோசித்தார்: குட்டை, கனம். சுதீபவுக்குத் தடித்த கண்ணாடி, தட்டையான இரண்டு பக்கங்கள், திருகி மூடும் உலோக மூடி. புவியீர்ப்பு மையம் தாழ்ந்ததால் எளிதில் கவிழாது, கவிழ்ந்தாலும் உருளாது, மூடி திருகியிருப்பதால் எண்ணெய் கொட்டாது. இதற்காக 1998-ல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. பள்ளிக்கூட இயற்பியலில் சமநிலை என்ற பாடத்தை இதைவிட நல்ல உதாரணத்தோடு நடத்த முடியாது. எந்தப் பாடப்புத்தகத்திலும் இதை நான் பார்த்ததில்லை.

இப்போது பல வீடுகளில் லாம்புக்குப் பதில் ஃபோன் டோர்ச். அதன் ஒளி ஒரு பக்கமாகவே பாயும், கண்ணைக் கூசவைக்கும். ஃபோனை மல்லாக்க வைத்து, டோர்ச்சின் மேலே தண்ணீர் நிரப்பிய தெளிந்த போத்தலை நிறுத்தினால் ஒளி சுற்றிலும் சிதறும். தண்ணீரில் இரண்டு சிட்டிகை பால்மா கலந்தால் இன்னும் நல்லது: பாலில் மிதக்கும் நுண்துளிகள் ஒளியை எல்லாத் திசைக்கும் தெறிக்கவைக்கும், போத்தலே விளக்காகும். நாலு பேருக்கு நடுவில் தாயம் ஆட இது போதும். பற்றரியை ஆட்டத்துக்குச் செலவழிப்பதா அவசரத்துக்கு வைப்பதா என்பதை வீட்டுப் பெரியவர் முடிவு செய்யட்டும்.

நாட்கணக்கில் கரண்ட் இல்லாவிட்டால் மூன்றாம் நாள், நாலாம் நாள் எல்லோருக்கும் சீக்கிரமே தூக்கம் வரத் தொடங்கும். சலிப்பு என்று நினைப்போம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் கென்னத் ரைட் எட்டுப் பேரை ஒரு வாரம் மலையில் கூடாரமடித்துத் தங்கவைத்தார். மின்விளக்கு இல்லை, ஃபோன் இல்லை. தூக்கத்துக்கு உடலைத் தயாராக்கும் மெலற்றோனின் சுரப்பு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்னுக்கு வந்துவிட்டதாக 2013-ல் எழுதினார். வழக்கமான வீட்டு விளக்கு அந்தச் சுரப்பைத் தள்ளிப்போடப் போதுமானது. ஒற்றைச் சுடரின் சில லக்ஸ் அவ்வளவாகத் தள்ளாது. பெரகலையில் மலையும் இருட்டும் ஏற்கெனவே இருக்கின்றன, ஆராய்ச்சிப் பணம்தான் இல்லை.

கடைசியாக, கொட்டை தேய்க்கிறவர்களுக்கு ஒரு சோதனை. மேலே போட்ட கணக்கு முழுவதும், வெள்ளை விழவும் கறுப்பு விழவும் சம வாய்ப்பு என்று வைத்துப் போட்டது. புளியங்கொட்டை நாணயம் அல்ல. எவ்வளவு தேய்த்தோம், அடிப்பக்கம் எவ்வளவு தட்டை, எறிகிற தரை சிமெந்தா சாணமா என்பதைப் பொறுத்து ஒரு பக்கம் அதிகம் விழும். சிறிய சாய்வு ஆட்டத்தைப் பெரிதாக மாற்றும். வெள்ளை மேலே வரும் வாய்ப்பு 50-க்குப் பதில் 40 விழுக்காடானால் தாயத்தின் வாய்ப்பு 9.4-லிருந்து 18.7-க்கு ஏறிவிடும். 60 ஆனால் 3.7-க்கு இறங்கிவிடும், அப்போது ஒரு தாயத்துக்குச் சராசரியாக 27 எறிதல், அதற்குள் மெழுகுதிரி முடிந்துவிடும். சில வீட்டுக் கொட்டைகளுக்கு ராசி உண்டு என்று பிள்ளைகள் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

ஆறு கொட்டைகளையும் 50 தடவை எறியுங்கள். மொத்தம் 300 முடிவுகள். வெள்ளைகளை மட்டும் கூட்டிக்கொண்டே வாருங்கள். கொட்டைக்கு ஒன்றாகப் பிரித்து எழுதினால் எது கள்ளன் என்றும் பிடிபடும், ஆனால் அதற்கு இன்னும் நிறைய எறிய வேண்டும். கொட்டைகள் நேர்மையாக இருந்தால் வெள்ளை 150-ஐ ஒட்டி வரும்; 133-க்கும் 167-க்கும் இடையில் எங்கே நின்றாலும் குற்றம் சொல்ல முடியாது, தற்செயலே அவ்வளவு ஆட்டும். 120 அல்லது 180 என்று வந்தால் கொட்டையை மாற்றுங்கள், அல்லது எதிராளி வந்து உட்காருவதற்கு முன் அந்த எண்ணிக்கையை யாருக்கும் சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள்.